ரிப்ளியின் கறுப்பு வெள்ளைப் படிக்கட்டுகள்

ஸ்டீவன் ஜெய்லியன் இயக்கி 2024இல் வெளிவந்த 'ரிப்ளி' தொடரில் ராபர்ட் எல்ஸ்விட்டின் கேமரா அவசரப்படுவதே இல்லை. இத்தாலியக் கடற்கரை ஊரான அட்ரானியின் செங்குத்துப் படிகளில் டாம் ரிப்ளி மூச்சிரைக்க ஏறுகிறான். சட்டகத்தில் அவன் ஒரு சிறு உருவம். மீதி இடமெல்லாம் சுவரும் நிழலும்தான். எத்தனையோ கால்கள் பட்டுத் தேய்ந்த கல்லின் வழவழப்பு, கறுப்பு வெள்ளையில் தொட்டுப் பார்க்கலாம்போலத் தெரிகிறது. வசனம் குறைவு, செருப்பின் உரசலும் மூச்சும் தெளிவாகக் கேட்கின்றன.

ரோமில் கொலைத் தடயங்களை அவன் துடைக்கும் நீண்ட காட்சியில் இந்தப் பொறுமை உச்சம் தொடுகிறது. அங்கேதான் பூனையின் ரத்தக் காலடிகள் ஒரு கணம் சிவப்பாகத் தெரிகின்றன. நிறத்தை இவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டதால்தான் அந்தச் சிவப்பு அப்படிச் சுடுகிறது. எல்ஸ்விட்டுக்கு இந்தத் தொடர் எம்மி விருது பெற்றுத் தந்தது மிகப் பொருத்தமே.