டெருனோஃபுஜியின் முழங்காலும் நாம் கைதட்டும் கதையும்

சுமோ பற்றி இணையத்தில் தேட ஆரம்பிக்கிறவர்களுக்குச் சீக்கிரமே கண்ணில் படுகிற கதை டெருனோஃபுஜியுடையது. மங்கோலியாவின் உலான் பாட்டரில் பிறந்தவர். 2015 மே மாதத் தொடரை வென்று, 23 வயதில் ஓசெகி ஆனார். சுமோவில் யோகொசுனாவுக்கு அடுத்த பதவி அது. அப்புறம் இரண்டு முழங்காலும் போச்சு. சர்க்கரை நோயும் கல்லீரல் அழற்சியும் சேர்ந்துகொண்டன. சரிந்து சரிந்து 2019 மார்ச்சில் ஜோனிதான் பிரிவில் போய் நின்றார். மொத்தம் ஆறு பிரிவு, அதில் கீழிருந்து இரண்டாவது. ஓசெகியாக இருந்த யாருமே அதுவரை அவ்வளவு ஆழத்துக்கு விழுந்ததில்லை. அங்கிருந்து ஏறிவந்து 2020 ஜூலையில் முதல் பிரிவுத் தொடரை வென்றார். 2021 ஜூலையில் 73-வது யோகொசுனாவாக அறிவிக்கப்பட்டார். மொத்தம் 10 பட்டங்கள். 2025 ஜனவரியில் ஓய்வு.

கதை உண்மை. அது சொல்லப்படுகிற விதத்தில்தான் எனக்குப் பிரச்சினை. காணொளியோ கட்டுரையோ, எல்லாமே கடைசியில் "மன உறுதி இருந்தால் முடியும்" என்ற இடத்தில் வந்து நிற்கின்றன. அவர் ஏன் அவ்வளவு கீழே விழ வேண்டியிருந்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. முழங்கால் கெட்டதால் விழுந்தார் என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி பான்சுகேயில் இருக்கிறது.

பான்சுகே என்பது ஒவ்வொரு தொடருக்கும் புதிதாக வெளியாகும் தரவரிசைப் பட்டியல். வருஷத்துக்கு ஆறு தொடர். மேல் இரண்டு பிரிவினருக்கு ஒரு தொடரில் 15 ஆட்டம், மற்றவர்களுக்கு 7. பாதிக்கு மேல் ஜெயித்தால் ஏற்றம், தோற்றால் இறக்கம். அடிபட்டு வராமல் போனாலும் பட்டியலைப் பொறுத்தவரை அது தோல்வி மாதிரிதான். ஏறக்குறைய 600 வீரர்களில் மேல் இரண்டு பிரிவிலுள்ள 70 பேருக்கு மட்டுமே மாதச் சம்பளம். அதற்குக் கீழே போனால் தொடருக்கு ஒருமுறை சிறு படி, அவ்வளவுதான். கூட இருந்த உதவியாளர்கள் போய்விடுவார்கள், உடுத்தும் உடைகூட மாறிவிடும். அடிபட்டவன் ஓய்வெடுத்தால் சம்பளம் போகும், ஓய்வெடுக்காவிட்டால் கால் போகும். இதைத்தான் நாம் "தைரியம்" என்ற ஒரே சொல்லில் மூடிவைக்கிறோம்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2001 மே மாதம், 14-ம் நாளில் யோகொசுனா தகானோஹானாவின் முழங்கால் கிழிந்தது. மறுநாளும் களத்தில் இறங்கினார், பட்டத்தை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டத்தில் முசாஷிமாருவை வீழ்த்தினார். வலியைத் தாங்கி நின்றதற்காகப் பிரதமர் கொய்சுமியே நேரில் வந்து பாராட்டினார். அதன்பின் தொடர்ந்து ஏழு தொடர்களுக்கு அவரால் வர முடியவில்லை. இன்னொரு பட்டமும் வெல்லவில்லை, 2003 ஜனவரியில் விலகினார்.

2017 மார்ச்சில் கிசெனோசாத்தோ. யோகொசுனாவாக அவருக்கு முதல் தொடர். இடது மார்பிலும் கையிலும் அடிபட்ட நிலையில், கடைசி நாளில் ஒரே எதிராளியை இரண்டு முறை வீழ்த்திப் பட்டம் வென்றார். ஜப்பானே கொண்டாடியது. அடுத்து வந்த எட்டுத் தொடர்களில் ஒன்றைக்கூட அவரால் முழுதாக ஆட முடியவில்லை. 2019 ஜனவரியில் அவரும் விலகினார். அந்தக் கடைசி நாளில் அவரிடம் தோற்ற எதிராளி யார் தெரியுமா? டெருனோஃபுஜி. அவருக்கும் அப்போது முழங்கால் சரியில்லை.

இவர்களோடு வைத்துப் பார்த்தால்தான் டெருனோஃபுஜி செய்தது என்ன என்பது தெளிவாகும். 2017-இலும் 2018-இன் முதல் பாதியிலும் அவரும் வலியோடு ஆடிப் பார்த்தார். அது அவரை ஓசெகி பதவியிலிருந்து இறக்கி, சம்பளமில்லாத பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு தொடர்ந்து நான்கு தொடர்களுக்கு அவர் களத்துக்கே வரவில்லை. விலகிவிடுகிறேன் என்று பலமுறை கேட்டிருக்கிறார். முதலில் உடம்பைத் தேற்று, மற்றதைப் பிறகு பேசலாம் என்ற நிலையில் அவருடைய ஆசான் இசெகஹாமா உறுதியாக இருந்தார். அதாவது அவரை மீட்டதில் வலியைத் தாங்கியதைவிட, களத்தை விட்டு விலகி நின்றதற்குப் பெரிய பங்கு உண்டு. விலையாக ஓசெகியாகச் சம்பாதித்த எல்லாவற்றையும் கொடுத்தார். கதையை "வலியைத் தாங்கினார், ஜெயித்தார்" என்று சொல்பவர்கள் அதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

அந்த முழங்கால்கள் முழுசாகக் குணமாகவும் இல்லை. யோகொசுனாவாக இருந்த காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட தொடர்களில் அவர் முழுதாகவோ பாதியிலோ விலகியிருக்கிறார். யோகொசுனாவைத் தரம் இறக்க முடியாது என்பதால்தான் அந்த ஓய்வு அவருக்குச் சாத்தியமானது. மிக அதிகமாகத் தேவைப்படுகிற இளம் வீரனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

"பாரம்பரியம் அப்படி, மாற்ற முடியாது" என்பார்கள். ஆனால் 1972 முதல் 2003 வரை கோஷோ என்ற முறை இருந்தது. ஆட்டத்தில் அடிபட்டவர் அடுத்த தொடருக்கு வராவிட்டாலும் இடம் பறிபோகாது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள், தவறாகவும் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி ரத்து செய்தார்கள். 2021 ஜனவரியில் கொரோனாவால் பல வீரர்கள் தொடருக்கு வர முடியாமல் போனபோதோ, அவர்களுடைய தரவரிசையைச் சங்கமே காப்பாற்றிக் கொடுத்தது. ஆக, மனசு வைத்தால் முடிகிற காரியம்தான். தவறான பயன்பாடுதான் கவலை என்றால், சங்கத்தைச் சாராத மருத்துவர் சான்று தரட்டும்.

அடிபட்டும் இறங்குவதில் ஒரு அழகு இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சுமோவில் என்ன மிச்சம் என்று கேட்கலாம். அந்த அழகை நானும் மறுக்கவில்லை. தகானோஹானாவின் அந்த ஆட்டத்தை இப்போது பார்த்தாலும் சிலிர்க்கும். ஆனால் வேறு வழி இருந்தும் ஒருவர் இறங்கினால்தான் அது தைரியம். இறங்காவிட்டால் பிழைப்பு போகும் என்ற நிலையில் இறங்குவதற்கு அந்தப் பேர் பொருந்தாது.

2025 ஜூனில் இசெகஹாமா பயிற்சிக்கூடத்தின் பொறுப்பு டெருனோஃபுஜியிடமே வந்தது. அங்கே ஒரு இளைஞனின் முழங்கால் கிழிந்தால், இறங்கலாமா வேண்டாமா என்று இனி அவரிடம்தான் கேட்பான். "ஓய்வெடு" என்று அவர் சொல்லலாம். அதற்கான விலையை, இன்றைய விதிப்படி, அந்தப் பையன்தான் கட்ட வேண்டும்.