மஞ்சள் பாலைக் கொட்டிவிட்டு மஞ்சள் பொடியா?

கள்ளக்குறிச்சியில் இருக்கும் சித்தி மகள் போன மாதம் ஒரு பால்பவுடர் டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். "இதுல லூட்டின் இருக்காம்ண்ணா. கண்ணுக்கும் மூளைக்கும் நல்லதாம். தாய்ப்பாலோட இதையும் குடுக்கலாமா?"

டப்பாவில் அப்படி எதுவும் இல்லை. சேர்மானப் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். கண், மூளை கதையெல்லாம் போனில் வந்த வீடியோ சொன்னது. இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவுகளை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992 சட்டமும் 2003 திருத்தமும் சொல்கின்றன. வீடியோ எடுத்தவருக்கு அது தெரியாது போல!

லூட்டின் என்பது செடிகளில் இருக்கும் மஞ்சள் நிறமி. செண்டுமல்லிப் பூவிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். கோழித் தீவனத்தில் சேர்த்தால் முட்டைக் கரு நல்ல மஞ்சளாகும். நம் விழித்திரையின் நடுப்பகுதியிலும் இந்த நிறமி உண்டு. உடம்பு இதைத் தானே தயாரிக்காது. தாய்ப்பாலில் இருக்கிறது, தனியாகச் சேர்க்காத பவுடரில் மிகக் குறைவு. இதுவரை கம்பெனிகள் சொல்வது சரிதான்.

அடுத்த படியில்தான் சறுக்கல். 2010-ல் வந்த ஓர் ஆய்வின்படி, குழந்தையின் ரத்தத்தில் தாய்ப்பால் தரும் அதே அளவு லூட்டின் சேர, பவுடர் பாலில் சுமார் நான்கு மடங்கு போட வேண்டும். சரி, போட்டாச்சு, ரத்தத்திலும் ஏறிடுச்சு. பார்வை கூர்மையானதா? அது வேறு கேள்வி. இத்தாலியில் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரை நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும். அதன் உறவுக்காரனான லூட்டின் மாறாது. மாலைக்கண்ணுக்கு இது மருந்தில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பிரசவமானதும் வரும் சீம்பால் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமே இந்த வகை நிறமிகள்தான். கல்வராயன்மலையிலும் சரி, கீழே ஊரிலும் சரி, "பழைய பால், ஆகாது" என்று அதைப் பிழிந்து கொட்டச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அதைக் கொட்டிவிட்டு, வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து வந்து, கூலிக்காசில் மஞ்சள் நிறமி போட்ட டப்பா வாங்குவது என்ன கணக்கு?

தாய்ப்பாலில் லூட்டின் எவ்வளவு என்பது தாய் சாப்பிடுவதைப் பொறுத்தது. சாமைச் சோறும் மரவள்ளிக்கிழங்கும் வயிற்றை நிரப்பும், இதைத் தராது. முருங்கைக்கீரை தரும், கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் உடம்பில் நன்றாகச் சேரும்.

தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு டாக்டர் சொல்லிப் பவுடர் கொடுப்பது வேறு விஷயம். அதில் லூட்டின் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம்.

தங்கச்சிக்கு இப்படித்தான் பதில் போட்டேன்: "டப்பா வேணாம்மா. கீரையை நீ சாப்பிடு, பாலை அவன் குடிக்கட்டும்."