பார்வையும் வாய்பாடும்: ‘வீடு’ திரைப்படத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழ்த் திரைப்படத் திறனாய்வில் ‘கலைப்படம்’, ‘வணிகப்படம்’ எனும் பாகுபாடு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பாடல் இருப்பின் வணிகம், இல்லையேல் கலை. சொந்தக் கதையெனில் கலை, தழுவலெனில் நகல் என இப்பாகுபாடு பெரும்பாலும் புறக்கூறுகளையே சார்ந்து நிற்கின்றது. தழுவல் என்பதாலேயே ஒரு படம் தாழ்ந்துவிடுமெனில், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் 1979ஆம் ஆண்டு உருவாக்கிய ‘உதிரிப்பூக்க’ளை எங்கே வைப்பது? எனவே வேறோர் அளவுகோல் தேவைப்படுகின்றது. அதனைப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) திரைப்படத்தின்வழிக் காண முற்படுகிறோம்.

ஓர் இயக்குநர், இரு படங்கள்

‘வீடு’ வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 1987இல், பாலு மகேந்திரா ‘ரெட்டை வால் குருவி’யை இயக்கினார். ‘மிக்கி அண்ட் மோட்’ (1984) எனும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் சாயலில் அமைந்தது அது. இரு படங்களிலும் இயக்கமும் ஒளிப்பதிவும் பாலு மகேந்திராவுடையவை, இசை இளையராஜாவுடையது, அர்ச்சனா இரண்டிலும் நடித்துள்ளார். ஆகவே இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டைத் திறமையின் ஏற்றத்தாழ்வு என்று விளக்கிவிட இயலாது.

முன்னதில் இரு மனைவியரும் ஒரே காலத்தில் கருவுற, ஒருத்தியை மற்றொருத்தி அறியாவண்ணம் காக்கக் கணவன் படும் பாடே கதை. காட்சிகள் அந்நெருக்கடியைத் தளராமல் நகர்த்தும் பணியைச் செவ்வனே செய்கின்றன. ஆயின் அவை விடையளிப்பது ஏற்கெனவே வெற்றி கண்ட ஒரு கதையமைப்பிற்கே. வாழ்வில் கண்ட ஒன்றிற்கு அன்று.

‘வீடு’ காட்டும் வாழ்வு

வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், தங்கையுடனும் முதிய தாத்தாவுடனும் வாழும் சுதா எனும் பணிபுரியும் பெண் சொந்தமாக வீடு கட்டத் துணிகிறாள். கதை இவ்வளவே. கடன், அனுமதி, சிமெண்டு, ஒப்பந்தக்காரரின் களவு என ஒவ்வொரு படியும் அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றது. ‘அண்ணாமலை’ (1992) படத்தில் பால்காரர் ஒருவர் ஒரே பாடலுக்குள் பெருஞ்செல்வராகி விடுகிறார். காலத்தைச் சுருக்கும் அவ்வழக்கம் நம் திரைப்படங்களில் வேரூன்றியதாகும். ‘வீடு’ படத்திலோ பாடலே இல்லை. வாய்பாட்டுப் படம் தாவிச் செல்லும் அந்த இடைவெளியையே பாலு மகேந்திரா தம் கதைப்பொருளாகக் கொண்டார். சுவர் உயர உயரச் சுதாவின் முகத்தில் களைப்பும் கவலையும் ஏறுவதை நாம் காண்கிறோம்.

தம் தாயார் வீடு கட்டிய காலத்தில் அவரிடம் நேர்ந்த மாற்றத்தைச் சிறுவயதில் கண்ட நினைவே இப்படத்தின் வித்து எனப் பாலு மகேந்திரா கூறியுள்ளார். இலங்கையில் கழிந்த இளமையின் நினைவு, சென்னை நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதையாக மாறியிருப்பது நோக்கத்தக்கது. தன்வரலாற்றை அப்படியே எடுத்துரைப்பதே தனித்துவம் என்று கொள்ள வேண்டுவதில்லை. நிகழ்ச்சியும் இடமும் மாறினும், முதலில் கண்ட பார்வை மாறாதிருத்தலே இங்கு முதன்மை பெறுகின்றது.

சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா பாத்திரம் இதற்குச் சிறந்த சான்றாகும். பாதி எழும்பிய வீட்டைக் காணத் தனியே வரும் முதியவர், பூசப்படாத சுவர்களைத் தடவிப் பார்க்கிறார். திரும்பும் வழியில் உயிர் துறக்கிறார். கண்ணீரை வரவழைக்கும் உரையாடல் எதுவும் அங்கே திணிக்கப்படவில்லை. அச்சுவர்மீது படியும் கையே போதுமானதாகிறது.

இப்படம் குறையற்றது எனக் கூறவில்லை. பண உதவி நாடிய இடத்தில் சுதா எதிர்கொள்ளும் இழிவு, நாம் பல படங்களில் கண்டு பழகிய காட்சியே. அங்கு மட்டும் படம் தன் பார்வையைச் சற்றே இழந்து வழக்கத்தின் துணையை நாடுகின்றது. தேர்ந்த படைப்பிலும் வாய்பாடு நுழைய இடமுண்டு என்பதை இஃது உணர்த்துகின்றது.

வாய்பாடு பிறக்கும் விதம்

தனித்துவமான படைப்பே பின்னர் வாய்பாடாக மாறுவதும் உண்டு. 1980களின் மதுரையைக் கூர்ந்து நோக்கிய சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ (2008) வெற்றி பெற்றபின், அரிவாளும் வட்டார வழக்கும் துரோகமும் எளிதில் எடுத்தாளத்தக்க சரக்குகளாயின. பின்வந்தோர் பலர் அப்படத்தின் ஆடையை எடுத்துக்கொண்டனர், கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, எதார்த்தமும் நகலெடுக்கப்படக்கூடிய ஒரு பாணியே.

இச்சிக்கல் மலேசியத் தமிழ்த் திரைப்படத்திற்கும் உரியது. சென்னைப் படங்களை அளவுகோலாகக் கொள்ளும் சூழலில், சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) வேறு வழியைத் தேர்ந்தது. தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் 1990களின் தொடக்கக் கால வாழ்வை, அப்போய் எனும் கற்பனை வளமிக்க சிறுவனின்வழி அது காட்டியது. தீமையைக் குறிக்கும் மலாய்ச் சொல் நம் மக்கள் நாவில் பெற்ற வடிவமே அதன் தலைப்பு. 2016ஆம் ஆண்டின் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாக அது தேர்வு பெற்றது. எனினும், அதன் குண்டர் கும்பல் சித்திரிப்பை மட்டும் பெயர்த்தெடுத்துப் படங்கள் செய்யப்படுமாயின், நமக்கும் ஒரு ‘சுப்பிரமணியபுர’ வாய்பாடே எஞ்சும். அச்சிறுவனைக் கண்ட பரிவு எஞ்சாது.

முடிவுரை

ஒரு படத்தின் கதை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதன் காட்சி எதற்கு விடையளிக்கின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. வேறொரு படத்திற்கு விடையளிப்பின் அது நகல். தான் கண்ட மனிதருக்கு விடையளிப்பின் அது படைப்பு. பாலு மகேந்திரா 2014இல் மறைந்தார். அவர் ஓராண்டு இடைவெளியில் இருவகைப் படங்களையும் தந்தமை, இத்தேர்வு ஒருமுறை செய்து முடிப்பதன்று என்பதைக் காட்டுகின்றது. ஒவ்வொரு படத்திலும், ஒவ்வொரு காட்சியிலும் அதனைப் புதிதாகவே செய்தாக வேண்டும். நம் நாட்டு இளம் இயக்குநர்கள் ‘வீடு’ படத்திடமிருந்து கற்கத்தக்கதும் இதுவே எனக் கருதுகிறோம்.