தஞ்சைப் பெரிய கோயில்: வெறுங்கல்லும் சான்றே

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நம் மேடைகளிலும் விழா மலர்களிலும் மூன்று செய்திகள் ஓயாது வழங்குகின்றன. கோயில் முழுவதையும் இராசராசனே கட்டி முடித்தான் என்பது ஒன்று. அதன் உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பது மற்றொன்று. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது இன்னொன்று. மாணாக்கரும் இவற்றையே ஒப்புவிக்கின்றனர். இவற்றுள் எவை சான்றின்முன் நிற்கும் என்பதைப் பார்ப்போம்.

நிழல் விழாத கட்டடம் உலகில் இல்லை. காலையிலோ மாலையிலோ சென்றோர் விமானத்தின் நிழல் நீண்டு கிடப்பதைக் கண்ணாரக் காணலாம். உச்சிக்கல்லும் ஒரே பாறையன்று. பல துண்டுகளை இணைத்து அமைத்தது என்பதே ஆய்ந்தோர் முடிவு.

முதற்செய்தியே நுணுகி நோக்கத்தக்கது. தலபுராணம் இக்கோயிலைக் கரிகாலனுக்கு உரியதாக்கியது. 1886இல் அரசாங்கக் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற செருமானியரான ஊல்ச், கல்வெட்டுகளைப் படித்து, எடுப்பித்தவன் முதலாம் இராசராசனே என நிறுவினார். தன் 25ஆம் ஆட்சியாண்டாகிய 1010இல் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் அளித்ததை மன்னனே பொறித்து வைத்துள்ளான். தமக்கை குந்தவையின் கொடைகளும், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும் அங்கே உள. ஆகவே நடுவிமானம் அவன் பணி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் 'முழுவதும்' என்னும் சொல்லை ஏற்பதற்கில்லை. அம்மன் கோயில் பாண்டியர் காலத்தது. முருகன் கோயிலும் பெரிய நந்தியின் மண்டபமும் நாயக்கர் பணி. பிள்ளையார் கோயில் மராட்டியர் திருப்பணி. கருவறைச் சுற்றில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்ததை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். மேல்தளத்தில் 108 கரணங்களுக்கு இடம் வகுத்தும் 81 மட்டுமே செதுக்கப்பட்டன. எஞ்சிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. சிற்பியின் உளி நின்ற இடத்தை அவ்வெறுங்கல் காட்டுகின்றது. இவையெல்லாம் இராசராசன் புகழைக் குறைப்பன அல்ல. ஒரு கோயில் பல தலைமுறைகளின் கூட்டுப்பணி என்பதை உணர்த்துவன.

மேனாட்டிலும் இவ்வாறே. இத்தாலியின் சீயென்னா நகரத்தார் 1339இல் தம் பேராலயத்தைப் பெரிதாக்கத் தொடங்கினர். 1348இல் கொள்ளைநோய் வந்து நகரைச் சூறையாடப் பணி கைவிடப்பட்டது. முடிவுறாத அச்சுவர் இன்றும் நிற்கிறது. 1386இல் தொடங்கிய மிலான் பேராலயத்தின் கடைசி வாயிற்கதவு பொருத்தப்பட்டதோ 1965இல்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் 1873இல் தம்புசாமிப் பிள்ளையால் நிறுவப்பட்டது; 1885இல் இன்றைய இடத்துக்கு மாறியது. அத்தாப்புக் கூரை நீங்கி 1887இல் செங்கற் கட்டடம் ஆயிற்று. பிரிக்பீல்ட்சுச் சூளைகளால் நகரமே செங்கல்லுக்கு மாறிய காலம் அது. பின்னர் அதுவும் அகற்றப்பட்டு, 1968இல் இன்றைய கட்டடம் எழுந்து, 1973இல் குடமுழுக்குக் கண்டது. நூறாண்டுக்குள் இத்தனை மாற்றம்! கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்தருகே இருந்த சிறு கோயில்கள் பலவும் இடம்பெயர்ந்தன. அவற்றை எழுப்பிய பால்வெட்டுத் தொழிலாளருக்குக் கல்வெட்டுப் பொறிக்க வசதி ஏது?

திருப்பணி வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பழுதுற்றதைப் புதுக்குவது மரபே. ஆனால் பழைய தூணை அகற்றுமுன் அதைப் படம் எடுத்தல் வேண்டும். நன்கொடையாளர் பலகையைப் படியெடுத்தல் வேண்டும். முதியோர் கூறுவதை ஆண்டுடன் எழுதிக் கோயில் அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஒரு குறிப்பேடும் ஓர் ஆசிரியரும் போதும். தஞ்சைக்குக் கல் சாட்சி சொன்னது. நம் கோயில்களுக்குத் தாளேனும் சாட்சி சொல்லட்டும்.