நாலரைக் கட்டையும் ஐந்து டெசிபலும்

ராஸ்பெரி பை கணினியின் நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56. அதன் மேல் ஒரு டிஏசி போர்டைச் செருகி, வைஃபையில் சேர்த்து, ஆம்ப்ளிஃபயருக்கு வயர் கொடுத்துவிட்டால் வீட்டிலுள்ள பாட்டெல்லாம் அதன் வழியே வரும். இந்தச் சின்னப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதில் ஓடும் பாராமெட்ரிக் ஈக்வலைசர்தான். ஒலிப்பதிவாளர் தந்த ஒலியில் கைவைப்பது பாவம் என்பார்கள் சில ரசிகர்கள். நாம் கைவைக்கும் முன்பே நம் அறை அதில் கைவைத்துவிடுகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பன்னிரண்டடி நீள அறையை எடுத்துக்கொள்வோம். அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸிலும், அதன் இரு மடங்கான 94, 95 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் சுவருக்குச் சுவர் ஒலி மோதித் தேங்கும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் தேக்கத்தின் உச்சத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். நாலரைக் கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகியின் கச்சேரியை இந்த அறையில் போடுங்கள். அவருடைய தம்புராவின் மந்தர ஷட்ஜம் சுமார் 92.5 ஹெர்ட்ஸ். பஞ்சமமும் நடு ஷட்ஜங்கள் இரண்டும் அளவாக ஒலிக்க, மந்தரம் மட்டும் உப்பி எழும். சட்டென்று அடங்காமல், அடுத்து மீட்டும் பஞ்சமத்தின் மேலும் படியும். தம்புரா சரியில்லையோ என்றுகூடத் தோன்றும். அதே பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடும்.

பேஸ், ட்ரெபிள் குமிழ்களால் இதைத் தீர்க்க முடியாது. பேஸைக் குறைத்தால் மிருதங்கத்தின் தொப்பியும் சேர்ந்து மெலியும். பாராமெட்ரிக் முறையை ஜார்ஜ் மாசன்பர்க் 1972இல் ஒலிப் பொறியாளர்கள் முன் வைத்தார். எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். அகலத்தைக் குறிப்பது க்யூ. அந்த எண் கூடக்கூட வெட்டு குறுகும்.

95 ஹெர்ட்ஸ், க்யூ 4 என்று வைத்து, மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். உப்பல் பாதி வடியும். எட்டு குறைத்தால் தம்புராவுக்கு உடம்பே இல்லாமல் போகும். ஐந்துக்குப் பக்கத்தில் ஓரிடம் உண்டு. அங்கே நான்கு தந்திகளும் ஒரே வரிசையில் வந்து நிற்கும், பாடகியின் கீழ் ஸ்தாயி கார்வை தெளியும், தொப்பியின் கும்கி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதுக்குப் பிடிபடும். குதிரையின் மேல் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்தித் தம்புராவின் ரீங்காரத்தை வரவழைப்பது போன்ற வேலை இது. நேரமெடுக்கும், கிடைக்கும்போது காதுக்கு உடனே தெரியும்.

ஈக்வலைசரில் குறைப்பதே கலை என்பது என் தீர்மானமான கருத்து. இரு ஓரங்களையும் தூக்கி நடுவைப் பள்ளமாக்கும் வழக்கம் கடைகளில் கேட்க எடுப்பாக இருக்கும், ஆனால் குரலும் வயலினும் வாழும் இடம் அந்த நடுதான். பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளில் ட்ரெபிளைத் தூக்கினால் நாகஸ்வரம் பிரகாசிக்காது. ஊசியின் கரகரப்புதான் கூடும். தவிர, டிஜிட்டலில் உச்ச வரம்பு கண்டிப்பானது. ஓரிடத்தில் ஆறு டெசிபல் ஏற்றினால் மொத்த ஒலியை முதலில் ஆறு டெசிபல் இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் ஒலி உடையும். இரவில் மெதுவாகக் கேட்கும்போது மட்டும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஏற்றுவதை நான் ஏற்கிறேன். ஒலி குறையும்போது நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை அதிகமாக இழக்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

முதலில் சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், அதற்குச் செலவில்லை. பிறகு ஒரே ஒரு வெட்டு வையுங்கள். ஈக்வலைசர் இருக்கும்போதும் இல்லாதபோதும் வால்யூம் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தம் கூடியதைக் காது எப்போதும் நல்லது என்றே சொல்லும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கச்சேரியை வைத்தே இதைச் செய்யுங்கள்.