சங்கறுக்கும் கலை

ஈசுவர சிருஷ்டி, மனித சிருஷ்டி என்று அழகிய பொருள்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவது நம்மவர் வழக்கம். மன்னார் வளைகுடாவின் மணற்படுகையில் புழுக்களைத் தின்று வாழும் ஒரு பிராணி, உடம்பு வளர வளர வாயோரத்தில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிக்கொண்ட வீடாகிய சங்கைக் கையில் எடுத்தவுடன் அந்தப் பிரிவினை தடுமாறிவிடுகிறது.

தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்த சங்கு முதலில் அழகாகவே இராது. பழுப்புத் தோல் ஒன்று போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டிக் கழித்த பிறகே வெண்மை தலைகாட்டும். உச்சியில் கடுகளவாய்த் தொடங்கும் சுற்று, பெருகிப் பெருகி, கடைசிச் சுற்றில் முந்தியவற்றையெல்லாம் தன்னுள் அடக்கிக்கொண்டு வாயாகத் திறக்கிறது. உள்ளே நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் புடவைக் கொசுவம்போல் ஏறி மறைகின்றன.

இதை வாத்தியமாக்குகிறவன் செய்வதெல்லாம், அந்தக் கடுகளவு நுனியை அறுத்து ஒரு துவாரம் வைப்பதுதான். உதட்டின் அதிர்வு அந்தச் சுருள் வழியே போய் நாதமாகிறது. விரல் வைத்து மூடத் துளைகள் இல்லை. சுருதியை நிச்சயித்தது ஊதுகிறவன் அல்ல, பிராணி. அது எவ்வளவு பெரிதாக வளர்ந்ததோ அவ்வளவு தாழ்ந்த ஸ்வரம். சந்நிதியில் திரை விலகும்போதும், சாவு வீட்டு வாசலில் சேகண்டியோடும் ஒலிப்பது அந்த ஒன்றே. முதுகெல்லாம் தசாவதாரம் செதுக்கி விற்கும் சங்குகளைக் காணும்போது எனக்கு மனம் சலிக்கும். அந்த வளைவுக்கு மேல் எதைச் செதுக்குவது?

வலம்புரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிராணி சாஸ்திரக்காரர்கள் உச்சியை மேலே வைத்துப் பார்த்து அதை இடப்புறம் சுழல்வது என்கிறார்கள். நாமோ நீர் வார்க்கும் மூக்கை மேலே வைத்துப் பார்க்கிறோம், வாய் வலப்புறம் திறக்கிறது. இருவர் சொல்வதும் சரிதான்.

ஆனால் என் மனம் அதிகம் தங்குவது வளையில். சங்கறுத்து வளை செய்யும் பார்ப்பனரை அகநானூறு அறியும். கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டதை, மதராஸ் மீன்வளத்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் சங்கைப் பற்றித் தாம் எழுதிய நூலில் பதிந்திருக்கிறார். இங்கே கைவிட்டுப்போன அந்தத் தொழிலை டாக்கா, விஷ்ணுபூர்க் கைவினைஞர்கள் காப்பாற்றினார்கள்; நம் கடலில் எடுத்த சங்கு, வங்காளத்துச் சுமங்கலிகளின் கையில் வெள்ளை வளையாயிற்று. உச்சியை உடைத்து, உள்சுவர்களைத் தகர்த்து வெறுங்கூடாக்கி, பிறைவடிவான கனத்த ரம்பத்தால் குறுக்கே அறுத்து, உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள்.

இப்படி அறுத்த வளையம் பூரண வட்டமாக வருவதில்லை. ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தழுவிய இடத்தில் சாய்வாக ஒரு பொருத்து நின்றுவிடும். அரத்தால் தேய்த்தால் வளைதான் மெலியும், பொருத்துப் போகாது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளியில் இதே சாதிச் சங்கை அறுத்த கைவினைஞன் அதனோடு சண்டைக்குப் போகவில்லை. சரியாக அந்தப் பொருத்தின்மேலேயே, கூரையைக் கவிழ்த்துப் போட்டதுபோல் இரண்டு கோடுகள் கூடும் ஒரு கூர்முனையைக் கீறி, அதையே வளையின் அலங்காரமாக்கிவிட்டான்.