வரைவும் தையலும்

நாடகம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "உடைகள் கண்ணைப் பறித்தன" என்று சொல்வதுண்டு. பாராட்டாகவே சொல்கிறார். எனக்கோ அச்சொல்லைக் கேட்டவுடன் ஓர் ஐயம் எழும். கண்ணைப் பறித்துக்கொண்ட உடை, காதுக்கு என்ன மிச்சம் வைத்தது? ஆடம்பரமான மேடை உடையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்னும் வினா சிறிதன்று. அதற்கு விடை தேடுவோர், உடையைத் தாமே வரைந்து தாமே தைத்துப் பழகும் மாணவரின் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்து பார்ப்பதே நேர்வழி என்பது என் கருத்து.

1964ஆம் ஆண்டு மாட்லி என்னும் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளிவந்தது. மேடை உடைகளை வடிவமைத்தலும் செய்தலும் என்பது அந்நூலின் தலைப்பு. தமிழாசிரியர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை; இங்கே நிற்பது எண்ணும்மை. எண்ணும்மை தான் இணைத்த இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும். படம் வரைபவர் கலைஞர், ஊசி பிடிப்பவர் கூலியாள் என்ற பாகுபாட்டை அந்தத் தலைப்பே மறுத்துவிடுகிறது. மறுப்பு நியாயமானதுதானா என்று பார்ப்போம்.

மாட்லி என்பது ஒருவர் பெயரன்று. மார்கரெட் ஹாரிஸ், அவருடைய தமக்கை சோபி ஹாரிஸ், தோழி எலிசபெத் மாண்ட்கோமரி ஆகிய மூன்று பெண்மணிகள் தமக்குப் பொதுவாக வைத்துக்கொண்ட தொழிற்பெயர் அது. கோமாளி அணியும் பல நிற ஒட்டாடைக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகம் ஒன்றிலிருந்து எடுத்தார்கள். 1932இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக நாடக மன்றத்துக்கு ஜான் கில்குட் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்' அவர்களுடைய முதல் பணி. 1933இல் 'போர்டோவின் ரிச்சர்ட்' இலண்டனில் ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. 1934இல் 'ஹாம்லெட்' 155 ஆட்டம் கண்டது. 1935இல் கில்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, மெர்குஷியோ என்னும் இரு வேடங்களையும் மாற்றி மாற்றிப் புனைந்த புகழ்பெற்ற நாடகத்துக்கும் உடை மாட்லியினுடையதே. அவர்களுடைய பட்டறை இருந்த கட்டடம், 18ஆம் நூற்றாண்டில் தச்சுக்கலை வல்லுநர் சிப்பண்டேல் நாற்காலி மேசைகள் செய்த இடம். கைத்தொழிலின் மணம் அங்கே முன்பே இருந்தது போலும்!

இவர்கள் செய்தது என்ன என்பதை உணர, இவர்களுக்கு முன் இருந்ததை ஒரு கண் பார்த்துவிட வேண்டும். நெடுங்காலம் ஆங்கில நடிகர் தம் நாளைய நாகரிக உடையிலேயே பழங்கதை மாந்தராக நடித்தனர். 1823இல் சார்லஸ் கெம்பிள் 'ஜான் மன்னன்' நாடகத்தை மேடையேற்றியபோது, பிளான்ஷே என்பவர் கல்லறைச் சிற்பங்களையும் பழைய ஓவியங்களையும் ஆராய்ந்து அக்காலத்து உடைகளையே வடித்துத் தந்தார். அன்று தொடங்கிய வரலாற்றுப் பற்று அந்நூற்றாண்டு முழுதும் வளர்ந்து, மேடையைப் பொருட்காட்சிசாலை ஆக்கிவிட்டது. உண்மைப் பட்டும் உண்மை வெல்வெட்டும் கணக்கின்றிச் செலவாயின. நடிகர் அவற்றின் உள்ளே எங்கோ இருந்தார்.

மாட்லியின் 'ஹாம்லெட்' உடைகளோ பெரும்பாலும் முரட்டுக் கித்தான் துணியில் வண்ணம் தெளித்துச் செய்தவை. ஓரங்களில் மட்டும் பட்டும் வெல்வெட்டும் இழையோடின. அரசவையோர் கழுத்தில் தொங்கிய கனத்த சங்கிலிகள் வண்ணம் பூசிய ரப்பர். பார்த்தவர்களுக்கு அவை செல்வச் செழிப்பாகவே தோன்றின. இதைச் சிக்கனம் என்று மட்டும் கொள்வது பிழை. அவையில் இருப்பவர் பத்து முழத்துக்கு அப்பாலிருந்து பார்க்கிறார். அவர் கண்ணுக்கு நூலின் விலை தெரியாது, துணி விழும் கோடுதான் தெரியும். நகையின் பொன் தெரியாது, அதன் கனம்தான் தெரியும். இந்த அறிவு மாட்லிக்கு எங்கிருந்து வந்தது? துணியைக் கையில் எடுத்து வெட்டியதிலிருந்து வந்தது.

இனி மாணவரிடம் வருவோம். 1936இல் மிஷல் சான் தெனி என்னும் பிரெஞ்சு இயக்குநர் இலண்டனில் ஒரு நாடகப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். போர் வந்து 1939இல் அது மூடப்பட்டது. 1947 முதல் 1952 வரை ஓல்டு விக் நாடகப் பள்ளியில் அப்பணி தொடர்ந்தது. இரண்டிலும் வடிவமைப்புப் பாடம் மாட்லியைச் சார்ந்திருந்தது. பின்னர் 1966இல் மார்கரெட் ஹாரிஸ் தனியே ஒரு வடிவமைப்பு வகுப்பைத் தொடங்கி முதுமையிலும் பல்லாண்டு நடத்தினார். அவர் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வகுப்பும் இன்று இல்லை.

இத்தகைய பயிற்சியில் மாணவர் முதலில் செய்வது நாடகத்தைப் படிப்பது. ஒருமுறை அன்று, பலமுறை. பிறகு படம் வரைகிறார். படம் அழகாகவே அமைந்துவிடும். தாளின்மேல் எந்தப் பாவாடையும் கனப்பதில்லை, எந்தத் தையலும் பிரிவதில்லை. விலை குறைந்த காடாத் துணியில் மாதிரி உடை வெட்டி, ஆளுயரப் பொம்மையின்மேல் குத்தி நிறுத்தும்போதுதான் சோதனை தொடங்குகிறது. முதலில் ஓர் உண்மை முகத்தில் அறையும்: முதுகுப்புறத்தை அவர் வரையவே இல்லை! படத்தில் பாத்திரம் நம்மை நோக்கியே நின்றது. மேடையில் அது திரும்பும், மண்டியிடும், படியேறும்.

அடுத்து, துணிக்குத் தன்மனம் உண்டு என்பதை அறிகிறார். பாவு நூல் நேராக நிற்க வெட்டிய துணி ஒருவிதமாக விழும். அதே துணியைக் குறுக்கே சாய்த்து வெட்டினால் உடலைத் தழுவி வழியும். அரசிக்கு எது, பணிப்பெண்ணுக்கு எது? இது தையற்காரரின் வினா போலத் தோன்றும். உண்மையில் நாடகத்தைப் படித்தவரே விடை சொல்லக்கூடிய வினா.

எலிசபெத் அரசியின் காலத்து உடையை எடுத்துக்கொள்வோம். மாணவர் கைத்திறனைச் சோதிக்க அதைவிடக் கடினமானது அரிது. கழுத்தைச் சுற்றித் தட்டுப்போல் நிற்கும் மடிப்பு வளையத்துக்குப் பல கெஜம் மெல்லிய துணி வேண்டும். ஒவ்வொரு மடிப்பையும் ஒரே அளவாகப் பிடித்துக் கழுத்துப் பட்டையில் தைத்து முடிக்க விரல் நோகும். தைத்து முடித்து, ஒரு நடிகையின் கழுத்தில் மாட்டிப் பார்க்கிறார். நடிகையால் குனிய முடியவில்லை! தலை தானாக நிமிர்கிறது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தோளோடு திரும்ப வேண்டியிருக்கிறது. அரச கம்பீரம் என்று நாம் ஓவியங்களில் கண்டதில் பாதி அந்த வளையத்தின் வேலை என்பது அப்போது விளங்குகிறது. இடுப்புக்குக் கீழே வளையங்கள் கோத்த பாவாடையும் அவ்வாறே. அதை அணிந்தவர் எந்த நாற்காலியில் உட்காருவார், அரங்க அமைப்பாளர் வைத்த கதவு வழியே நுழைவாரா என்பதெல்லாம் தைத்தவருக்கு நினைவில் இருக்கும். வரைந்ததோடு நின்றவருக்கு ஒத்திகையன்றுதான் தெரியவரும்.

ஒளியும் ஒரு பாடம் கற்பிக்கும். பகலில் தேர்ந்தெடுத்த அருமையான நீலம் மேடையின் மஞ்சள் விளக்கில் சாம்பலாய்ப் போகும். பச்சை ஒளியில் சிவப்பு கறுத்துவிடும். சாயத் தொட்டியில் கைவிட்டவர் இதை எளிதில் மறப்பதில்லை. புதுத்துணியைப் பழையதாக்குவதும் ஒரு கலைதான். முழங்கையைத் தேய்த்து, ஓரத்தைப் பிய்த்து, மடிப்பில் கறை ஏற்றி, அணிந்தவர் பத்தாண்டு உழைத்தவர் என்று காட்ட வேண்டும். மூன்று நாள் பாடுபட்டுத் தைத்ததைத் தன் கையாலேயே பாழாக்கும்போது மாணவரின் மனம் என்ன பாடுபடும்!

இவ்விடத்தில் என் சொந்தப் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சியை மாணவரைக் கொண்டு நடிப்பித்தேன். பாண்டியனுக்கு வாடகைக் கடையிலிருந்து சரிகை வெல்வெட் அங்கியும் பெரிய கிரீடமும் நானே பார்த்து எடுத்துவந்தேன். கிரீடம் உடைந்தால் முன்பணம் திரும்பாது என்று மாணவனிடம் எச்சரித்தும் வைத்தேன். பாண்டியன் உண்மை உணர்ந்து அரியணையிலிருந்து உயிர் நீத்து விழும் கட்டம் வந்தது. பையன் இரண்டு கையாலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தான். அவை கொல்லென்று சிரித்தது. நீதி தவறிய மன்னனின் மரணம் அன்று என்னால் நகைச்சுவை ஆயிற்று. அந்த உடையைப் பலர் புகழ்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடை அமைப்பவர் நாடகத்துக்கு உரையாசிரியர் போன்றவர் என்று எனக்குத் தோன்றுகிறது. மூலத்தில் இல்லாததை அவர் சேர்ப்பதில்லை. மூலத்தில் மறைந்து கிடப்பதைக் காட்டுகிறார். ஹாம்லெட் அவையில் கறுப்பு உடையோடு நிற்கிறான் என்பது நாடகமே சொல்வது. ஆனால் அந்தக் கறுப்பு எத்தகையது? இழவுக்கு அணிந்ததா, ஊரார் திருமணக் களிப்பில் இருக்கையில் அவர்களைக் குத்திக்காட்ட அணிந்ததா? துணியின் பளபளப்பிலும் வெட்டின் இறுக்கத்திலும் விடை இருக்கிறது. சொற்பொருள் தெரியாமல் விளக்கம் எழுதும் உரையாசிரியரை நாம் ஏற்போமா? துணியின் இயல்பு தெரியாமல் உடை வரைபவரும் அவரைப் போன்றவரே.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். பெரிய நாடக அரங்குகளில் துணி வெட்டுவதற்கென்றே தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், வடிவமைப்பாளர் தைப்பதில்லை. பின் மாணவரை ஏன் வருத்த வேண்டும் என்பர். மேலும் தன் ஊசிக்கு எட்டியதை மட்டுமே கற்பனை செய்யும் கோழைத்தனம் தைப்பவருக்கு வந்துவிடும் என்றும் கூறுவர். இரண்டாவது வாதம் வலிமையுள்ளது. அந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. ஆயினும் வெட்டுபவரிடம் என்ன கேட்பது என்று அறியாதவரின் துணிச்சலைவிட அறிந்தவரின் தயக்கம் குறைந்த கேடு என்பேன்.

மாட்லியிடம் நான் முழுதும் உடன்படாத இடம் ஒன்று உண்டு. குறைத்துக் காட்டுதலே நல்ல உடையின் இலக்கணம் என்று அவர்களைப் பின்பற்றியோர் சிலர் பொதுவிதி ஆக்கிவிட்டனர். அது எல்லா நாடகத்துக்கும் பொருந்தாது. 1605இலிருந்து ஆங்கில அரசவையில் இனிகோ ஜோன்ஸ் வடிவமைத்த முகமூடிக் கூத்துகளில் ஆடம்பரமே பொருள். அரசியும் அவர் தோழியரும் தாமே அதில் தோன்றினர். அவர்களைக் கண்டு வியப்பதற்காகவே அவை கூடிற்று. அவற்றுக்குப் பாட்டெழுதிய பென் ஜான்சன், உயிர் தன் சொல்லில்தான் உள்ளது என்று கருதி ஜோன்ஸோடு பெரும் பூசல் விளைத்தார். புலவர் பக்கம் சாய்வது நமக்கு எளிது. ஆனால் அக்கூத்துகளைப் பொறுத்தவரை நான் முழு மனத்தோடு புலவர் பக்கம் சாயமாட்டேன். நம்முடைய தெருக்கூத்தில் கண்ணாடித்துண்டு பதித்த கிரீடமும் புயக்கட்டையும் இன்றிக் கருணனோ துரியோதனனோ இல்லை. அங்கே வேடத்தின் பெருக்கம் அணி அன்று, எழுத்து. எந்த நாடகம் எதைக் கேட்கிறது என்று அறிவதே திறன்.

சான் தெனியின் கூடத்தில் பயின்ற ஜாஸ்லின் ஹெர்பர்ட் இதற்கு நல்ல சான்று. 1956இல் ஜார்ஜ் டிவைன் ராயல் கோர்ட் அரங்கில் புதுநாடக இயக்கத்தைத் தொடங்கியபோது அவருடன் சேர்ந்தவர். பின்னர் சாமுவேல் பெக்கெட்டின் நாடகங்களுக்கும் அரங்கமைத்தார். மேடையில் வேண்டாததை ஒவ்வொன்றாக நீக்கியவர் என்று பெயர் பெற்றவர் அவர். ஆடம்பரமாகச் செய்யத் தெரியாததால் நீக்கியவர் அல்லர். மாட்லியிடம் பயின்ற கை எதை விடலாம் என்று அறிந்து விட்டது.

மாட்லியின் படங்கள் 4,000க்கும் மேற்பட்டவை அமெரிக்காவில் இலினாய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் இன்று பேணப்படுகின்றன. உடைகளில் பெரும்பாலானவை ஆட்டம் முடிந்து, வேறு நடிகருக்கு இறுக்கியும் தளர்த்தியும் பிரித்துத் தைக்கப்பட்டு, நைந்து போயிருக்கும். மேடை உடையின் வாழ்வே அதுதான். ஆனால் பல படங்களின் ஓரத்தில் சிறு துணித்துண்டு ஒன்று இன்னும் இணைத்தபடி இருக்கிறது. இந்தத் துணிதான், இந்த நிறந்தான் என்று வெட்டுபவருக்குக் காட்ட வைத்தது.